அப்பாவை உக்காரச் சொன்ன கொரலு

ஜவுளிக்கடை வேலைன்னா விரிக்கிறது பாதி, மடிக்கிறது பாதி, நிக்கிறது முழுசும். நின்னே கால் வீங்குன நம்ம கூட்டத்துக்கு இதையெல்லாம் வெளக்க வேண்டியதில்ல.

அம்பதுகளோட கடைசி. திண்டுக்கல்ல ஒரு கடையில சேலைப் பகுதி. அப்பாவும் நானும் பக்கத்துப் பக்கத்துல. மொதலாளி புதுசா மேசை போட்டதுலருந்து வாங்க வர்றவுகளுக்கு பெஞ்சு, எங்களுக்கு நிக்கத் தரை.

எல்லாமே புடிச்சிருக்கு

ஒரு அம்மா சின்னாளபட்டி சுங்குடியில ஆரம்பிச்சாக. பச்சைன்னாக, கத்திரிப்பூ கலருன்னாக, கரை பெருசா வேணும்னாக. நான் முந்தானையத் தோள்ல போட்டு, கல்யாணப் பொண்ணாட்டம் ஒசிஞ்சு வேற காட்டுனேன். மேசை மேல சேலை மலையாக் குமிஞ்சிருச்சு. அந்தம்மா கூடையத் தூக்கிட்டு எந்திரிச்சாக.

"ஏந்தாயி, ஒண்ணுமே புடிக்கலையா?"ன்னு கேட்டேன்.

"எல்லாமே புடிச்சிருக்கப்பு. நத்தம் பஸ்ஸுக்கு நேரம் கெடக்குன்னாக, அதான் செத்த நேரம் உக்காந்துட்டுப் போலாம்னு வந்தேன்."

கொரலு சரி, ஆனா...

அந்த மலையப் பூராம் மடிச்சேன். அப்பா வந்து பாதியப் பிரிச்சுப் போட்டாரு. பழைய மடிப்பு மேலயே புது மடிப்பு விழணுமாம். அவருக்குக் கெண்டைக்கால் நரம்பு முறுக்குன கயிறாட்டம் பொடைச்சுக் கெடந்துச்சு. எடையெடையே உக்காரு, இல்லாட்டி வேலையவே விட வேண்டியிருக்கும்னு டாக்டரு சொல்லிட்டாரு. நான் சொன்னா கேக்குறாரா? "வந்தவுக முன்னால உக்காந்துக்கிட்டா அதுக்குப் பேரு வேலையா?"ம்பாரு.

அவரு தட்டாம கேக்குறது மொதலாளி பேச்சு ஒண்ணுதான். மொதலாளி சரக்கெடுக்க மதுரைக்குப் போயிருந்தாரு. எனக்குத்தான் யாரு கொரலும் தொண்டையில ஒட்டிக்கிருமே! சரக்கு ரூம் தட்டிக்குப் பின்னால நின்னு ஒரு கனைப்பு. அப்புறம் மூக்கால, "என்னய்யா, மரமாட்டம் நிக்கிறீரு? உக்காரும்!"

சாஞ்சு நின்ன மத்தவங்கெல்லாம் வெடைச்சு நிமிந்தாங்க. அப்பா அசையல. கையில இருந்த சேலைய மடிச்சு, நீவி, அடுக்குல வச்சுட்டுத்தான் தட்டிப் பக்கம் திரும்புனாரு.

"கொரலு சுத்தமா இருக்குப்பா. ஆனா நான் வந்த நாள்லருந்து மொதலாளி ஒருத்தரையும் உக்காருன்னு சொன்னதில்லையே."

மொதலாளி முன்னால

எவனோ போட்டுக் குடுத்துட்டான். ஊருலருந்து வந்த மொதலாளி, கடை நெறைய ஆள் இருக்கும்போதே என்னையக் கூப்புட்டாரு. "என்னைய மாதிரிப் பேசுனியாம்ல? பேசு, கேப்போம்."

அப்பனுக்கும் மகனுக்கும் சேத்தே சீட்டுக் கிழிஞ்சதுன்னு நெனைச்சேன். போறது போகுது, முழுசாவே பேசிருவோம்னு அதே கனைப்பு, அதே மூக்கு. "என்னய்யா, மரமாட்டம் நிக்கிறீரு? உக்காரும்!"

மாதா கோயில் கல்யாணத்துக்கு வெள்ளப் பட்டு பாத்துக்கிட்டிருந்த ஒரு டீச்சரம்மா. எங்களுக்கு முதுகு காட்டி நின்னவுக, சடார்னு திரும்பி நேரா மொதலாளியப் பாத்தாக. மறுக்கலாம்னு அவரு வாயத் தொறந்தாரு. அந்தம்மா விடல.

"வேலைக்காரவுகள உக்காரச் சொல்ற மொதலாளிய இன்னைக்குத்தாங்கய்யா பாக்குறேன்! எங்க சொந்தக்காரவுக அம்புட்டுப் பேரையும் இனி இந்தக் கடைக்கே கூட்டியாறேன்!"

மறுநாள் ஒரு முக்காலி வந்துச்சு, அப்பா உக்காந்தாரு, அவரு நிக்க வேண்டியதையும் சேத்து நான் நின்னேன், அதையும் ஒழுங்கா நிக்கிறேனான்னு அவரு உக்காந்த வாக்குல பாத்துக்கிட்டே இருந்தாரு.