எண்டர் அடித்தால் சுவரைப் பார்க்கணும்

சூடான பிளாஸ்டிக் வாசனை, கூடவே அப்போதுதான் திறந்த டிபன் பாக்ஸிலிருந்து எலுமிச்சை சாத வாசனை... இரண்டும் சேர்ந்து வந்தால் எனக்கு இன்றைக்கும் விண்வெளி ஞாபகம்தான் வரும். சிரிக்காதீங்க, காரணம் இருக்கிறது.

தொண்ணூறுகளின் பின்பாதி. மைசூர் ஹெப்பாளில் பம்ப் பாகங்கள் செய்யும் ஒரு ஃபேக்டரி. அதன் டிராயிங் செக்‌ஷனில் நான். பக்கத்து நாற்காலியில் முருகேசன், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற மார்டள்ளிக்காரர். பத்து வருஷம் லேத்தில் நின்ற மனுஷன். ஒரு விபத்தில் வலது கையில் கட்டைவிரல் தவிர மற்ற விரல்கள் மடங்காமல் போய்விட்டன. எங்களிடம் அனுப்பி வைத்தார்கள். மூன்று மாசம் டைம். அதற்குள் கம்ப்யூட்டரில் வரையக் கற்றுக்கொண்டால் வேலை நிலைக்கும். இல்லையென்றால் வீடுதான்.

மௌஸ் அவர் சொன்ன பேச்சைக் கேட்காது. இடது கையில் பிடித்தால் அம்புக்குறி திரை மூலையில் போய் ஒட்டிக்கொள்ளும்.

"இது என்னோட சண்டை போடுதுங்க மேடம்" என்பார்.

எனக்குப் பொறுமை கிடையாது. இரண்டு தரம் சொல்லித் தருவேன், மூன்றாம் தரம் கத்திவிடுவேன். அவர் தலையைக் குனிந்துகொள்வார். அப்புறம் எனக்குச் சோறு இறங்காது.

லஞ்ச் நேரத்தில், சூடேறிய மானிட்டர் பக்கத்தில் எலுமிச்சை சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நான் ஒரு விண்வெளி கேம் ஆடுவேன். கப்பல் கட்டுவது, கிரகம் பிடிப்பது... ஆளுக்கொரு முறை, அவசரமே இல்லாத ஆட்டம். ஒருநாள், "நானும் வரட்டுங்களா?" என்று கேட்டார். சரி, வாங்க என்றேன்.

ஒரே கம்ப்யூட்டர், இரண்டு எதிரிகள். அதனால் ஒரு சட்டம் போட்டோம். எண்டர் அடித்தால் உங்கள் முறை முடிந்தது. உடனே நாற்காலியைச் சுழற்றிச் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். அடுத்தவர் ஆடி முடித்து "ஆச்சு" என்று சொன்னால்தான் திரும்பலாம். எட்டிப் பார்த்தால் ஒரு கிரகம் அபராதம்!

ஆனால் மௌஸை வைத்துக்கொண்டு அவர் ஒரு கப்பலை நகர்த்துவதற்குள் லஞ்ச் முடிந்து மணி அடித்துவிடும். சுவரையே பார்த்துப் பார்த்து எனக்குப் பைத்தியம் பிடித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் முறை சீக்கிரம் வரட்டும் என்கிற சுயநலத்தில்தான் அந்த கேமின் குறுக்குவழிகளைத் தேடினேன். பழைய புளூபிரிண்ட்டின் பின்பக்கத்தில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டினேன்.

டாப் அடித்தால் சும்மா நிற்கும் அடுத்த கப்பலுக்குத் தானாகப் போகும், தேட வேண்டாம். இந்தக் கப்பல் இங்கேயே இருக்கட்டும் என்றால் ஸ்பேஸ். எஃப்-2 அடித்தால் நம் கிரகங்கள் எல்லாம் ஒரே பட்டியலில் வரும். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டால் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக இல்லாமல் ஐந்தைந்தாக ஏறும்... எல்லாம் இடது கைக்கு எட்டுகிற கீகள். எண்டர் மட்டும் வலது பக்கம். அதற்கு அவருடைய கட்டைவிரல் இருந்தது. ஓங்கி ஒரு அடி அடிப்பார், நாற்காலி சர்ரென்று சுவர் பக்கம் சுழலும்.

மூன்றே வாரம். என் தலைநகரையே பிடித்துவிட்டார்!

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம்" என்றார், பல்லெல்லாம் தெரிய. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

அப்புறம் மெதுவாகக் கேட்டார். "ஏங்க மேடம், படம் வரையறதுலயும் இந்த மாதிரி கீ இருக்குதுங்களா?"

இருந்தது! கோட்டுக்கு ஒரு எழுத்து, வட்டத்துக்கு ஒரு எழுத்து, நீளத்தை எண்ணாகவே அடிக்கலாம். நான் தினமும் செய்கிற வேலை. கேமுக்குத் தேடித் தேடி எழுதியவளுக்கு, அவர் வேலைக்கு எழுதித் தரத் தோன்றவில்லை. தலையில் அடித்துக்கொண்டேன். அன்று சாயந்திரமே இரண்டாவது புளூபிரிண்ட் ஒட்டினேன்.

டெஸ்ட் நாள். சூப்பர்வைசர் நஞ்சுண்டப்பா சார் பின்னால் கைகட்டி நின்றார். வரைய வேண்டியது ஒரு ஃபிளாஞ்ச், குழாய்களை இணைக்கிற வளையம், எட்டு துளை. முருகேசன் மௌஸைத் தொடவே இல்லை. இடது கை கீபோர்டில் ஓடியது. கடைசித் துளை சரியாக உட்கார்ந்தது. கட்டைவிரலால் எண்டரை ஓங்கி அடித்தார்...

சர்ரென்று சுழன்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்!

சார் கன்னடத்தில் கேட்டார், "யாக்கப்பா, கோடெ நோட்தா இத்தீயா?" ஏனப்பா சுவரைப் பார்க்கிறே என்று.

முருகேசன் அசையவில்லை. பயத்தில் உறைந்துவிட்டார் பாவம். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"ஆச்சு, திரும்புங்க" என்றேன்.

திரும்பினார். சார் மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்த இரண்டு தாள்களையும் படித்தார், முதல் தாளைக் கொஞ்சம் அதிக நேரம். அப்புறம் டிராயிங்கைப் பார்த்தார்.

"டிராயிங் கரெக்டாகி இதே. நாளேயிந்த இல்லே கூத்கோ" என்றார். டிராயிங் சரி, நாளையிலிருந்து இங்கேயே உட்கார். கதவு வரை போய்த் திரும்பி, "ஆட்டா லஞ்ச்சல்லி மாத்ரா" என்றார். ஆட்டம் லஞ்ச்சில் மட்டும்தானாம்.

முருகேசன் அழுதுவிட்டார். நானும்தான், என்ன இப்போ?

இன்றைக்கு அவர் ரிடையர் ஆகி மார்டள்ளியில் இருக்கிறார். நான் மைசூரிலேயே. இப்போதும் ஆடுகிறோம், போனில். கீயும் கிடையாது, குறுக்குவழியும் கிடையாது, எல்லாம் விரலால் தேய்ப்பதுதான். என் முறை முடிந்தால் போதும், அவர் பக்கம் என் கண்ணுக்கே தெரியாது. எட்டிப் பார்க்கவும் முடியாது.

ஆனாலும் என் முறை முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்கிறேன். வீட்டில் கிண்டல் பண்ணுகிறார்கள். போன வாரம் வெட்கத்தை விட்டு அவரிடமே சொன்னேன்.

சிரிக்கவில்லை. "நீங்க 'ஆச்சு'ன்னு மெசேஜ் போட மறந்துட்டீங்க மேடம்" என்றார். "ஞாயித்துக்கிழமையிலிருந்து செவுத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கறனுங்க."