வெள்ளை லிலின்

என் வீட்டுக்காரரின் வலது மணிக்கட்டை உடைத்தது காரைக் கிளப்புகிற இரும்பு ஹேண்டில். அதுவரைக்கும் உண்மை. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிற டிரெசர் கேட்டபோது, "எஞ்சின் திருப்பி அடிச்சிருச்சுங்க" என்று அவர் சொன்னாரே, அது பச்சைப் பொய். அந்தக் காலத்துக் காரைக் கிளப்பும்போது ஹேண்டில் உதைத்துக் கை ஒடிவது வழக்கம்தான் என்பதால் யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. நான் பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஹேண்டில் ஒரு மனிதனின் கையில் இருந்தது. அது இறங்கியதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தவள் நான்.

அடித்தவர் எங்கள் தவுக்கே. பினாங்கில் அரிசி ஆலை வைத்திருந்த சீன முதலாளி. கடலோரத்தில் அவருக்குப் பெரிய பங்களா, பங்களாவுக்குப் பின்னால் கார் கொட்டகை, அதை ஒட்டிய ஓர் அறையில் நாங்கள். அப்போதெல்லாம் கார் ஓட்டுகிறவரை சைஸ் என்பார்கள். குதிரைக்காரனுக்கு இருந்த பெயரை அப்படியே இவர்களுக்கும் வைத்துவிட்டார்கள். வேலை போனால் அறையும் போகும். ஆகவே எஞ்சின் அடித்ததாகச் சொல், வேலை இருக்கும் என்று தவுக்கே சொல்லியனுப்ப, இவரும் தலையை ஆட்டிவிட்டார்.

எல்லாம் அந்தக் காரின் பளபளப்பால் வந்த வினை. கன்னங்கரேலென்ற கார். கடல் காற்றின் உப்பு இரவோடு இரவாகப் படிந்துவிடும், வெயில் அதைச் சுட்டுப் பெயிண்டில் தேமல் மாதிரி திட்டுத் திட்டாக ஆக்கிவிடும். என் வீட்டுக்காரர் அந்த வண்டியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். எனக்குக் காய்ச்சல் என்றால் மறுநாள்தான் தெரியும். மட்கார்டில் ஒரு கீறல் விழுந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

எந்த மெழுகு போடுவது என்று ஒரு வருடமாக ஆராய்ச்சி நடந்தது. வெள்ளைக்காரன் கடையிலிருந்து தவுக்கே வாங்கித் தந்த தகர டப்பா மெழுகு எங்கள் வெயிலில் கூழாகிவிட்டது. மழை பெய்தால் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்துக்கொண்டது. யாரோ சொன்னார்கள் என்று தேங்காயெண்ணெய் தடவினார். ரோட்டுப் புழுதியெல்லாம் வந்து அப்பிக்கொண்டது. சூலியா தெருவில் மெழுகுவர்த்தி வாங்கிவந்து உருக்கிப் போட்டார். அது சுண்ணாம்பு அடித்ததுபோல் நின்றது. "அது மண்ணெண்ணெய்க் கழிவுல செய்யிற மெழுகு புள்ள, தேன்மெழுகுதான் பெயிண்ட்ட பிடிக்கும்" என்றார்.

தேன்மெழுகுக்கு நான்தான் வழி சொன்னேன். நாங்கள் வேதக்காரர்கள். மாதா கோயிலைக் கூட்டித் துடைக்கிற வேலை எனக்கு. பூசைக்கு ஏற்றும் மெழுகுவர்த்தி தேன்மெழுகில்தான் இருக்கவேண்டும் என்பது எங்கள் சட்டம். எரிந்து மீந்த கட்டைகளைக் கோயிற்பிள்ளையிடம் கேட்டு வாங்கிவந்தேன். சும்மா எடுக்கவில்லை, கேட்டுத்தான் எடுத்தேன். இவர் அவற்றைச் சீவி, வெந்நீர்ச் சட்டிக்குள் தகர டின்னை வைத்து உருக்கி, அடுப்பை விட்டுத் தள்ளிப்போய் டர்பன்டைன் கலந்து, ஆறவைத்தார். மட்கார்டின் உள்பக்கத்தில் ஓரிடத்தில் தேய்த்துவிட்டுத் தண்ணீர் தெளித்தார். சேப்பங்கிழங்கு இலையில் உருளுவதுபோல் தண்ணீர் உருண்டு ஓடியது. அந்த மனிதர் அன்றைக்குச் சிரித்த சிரிப்பை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

அந்த வாரம் தவுக்கேயின் தம்பிக்குக் கல்யாணம். பெண்ணழைக்கப் போவது இந்தக் கார்தான். "லிலின் போட்டு நல்லாத் தேய், முகம் தெரியணும்" என்று தவுக்கே மலாயில் உத்தரவு போட்டார். மலாய்க்காரர்களுக்கு மெழுகும் லிலின்தான், மெழுகுவர்த்தியும் லிலின்தான். அவர் நினைத்தது டப்பா மெழுகை. இவர் நினைத்தது கோயில் மெழுகை. இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு சந்தோஷமாய்ப் பிரிந்தார்கள்.

கல்யாணத்துக்கு முதல்நாள் மத்தியானம் இவர் காரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சீவுவதற்கு இளகட்டும் என்று இரண்டு மெழுகுவர்த்திக் கட்டைகளை வெயில்படும்படி மட்கார்டின் மேல் நிறுத்தி வைத்திருந்தார். நல்ல வெள்ளைக் கட்டைகள். காருக்குச் சிவப்புத் துணி கட்ட அளவு பார்ப்பதற்காகத் தவுக்கேயின் தாயார் கொட்டகைக்குள் வந்தார். வந்தவர் போட்ட கூச்சலில் நான் உலையை விட்டுவிட்டு ஓடினேன்.

சீனர்களுக்குச் சிவப்பு மெழுகுவர்த்தி கல்யாணத்துக்கு, வெள்ளை சாவுக்கு. பெண் ஏறப்போகிற காரின் தலைமாட்டில் இரண்டு சாவு மெழுகுவர்த்தி. அந்த அம்மாள் நடுங்கியதில் தப்பே இல்லை, அதை இன்றைக்கும் சொல்வேன். தவுக்கே ஓடிவந்து, "இது என்ன?" என்று கத்தினார். இவருக்கோ பெருமை.

"லிலின், தவுக்கே. கோயில் லிலின். கார் முழுக்க இதான் போட்டிருக்கேன் லா!"

தவுக்கேயின் முகம் கறுத்தது. முதல் அடி தோளில் விழுந்தது. பக்கத்தில் கிடந்த ஹேண்டிலை அவர் எப்போது எடுத்தார் என்றே தெரியவில்லை. இவர் முட்டி போட்டு விழுந்தார். விழுந்தும், "பெயிண்ட்ல படப்போகுது தவுக்கே" என்றார். சத்தியமாக அப்படித்தான் சொன்னார். இரண்டாவது அடி தலைக்கு வந்தது, கையைக் குறுக்கே கொடுத்தார். காய்ந்த மூங்கில் முறிகிற சத்தம். நான் தவுக்கேயின் முதுகில் பாய்ந்து சட்டையைக் கிழித்தேன். என்னை உதறிச் சுவரில் எறிந்தார். வாயில் ரத்தம் கரித்தது. மூன்றாவது அடி விழாமல் தடுத்தவர் அந்தத் தாயார்தான். கல்யாண வீட்டில் ரத்தம் ஆகாது என்று அவருக்குப் பயம். எங்கள்மேல் இரக்கம் என்று நான் நினைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை, மாற்றுத் துணி எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து பங்களாவுக்குத் திரும்பினேன். பொய் சொன்னதற்குக் கூலியாக அறையாவது மிஞ்சும் என்றிருந்தேன். எங்கள் டிரங்குப் பெட்டி வாசற்கதவுக்கு வெளியே சாக்கடையோரம் கிடந்தது. மாதா படம் கண்ணாடி உடைந்து அதன்மேல். உள்ளே புது சைஸ் ஒருவன், என் வீட்டுக்காரரின் தொப்பியைப் போட்டுக்கொண்டு, சிவப்புத் துணி கட்டிய காரைப் போர்ட்டிகோவில் நிறுத்தியிருந்தான். விடியற்காலை மழை பெய்திருந்தது. கார்மேல் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. சாவு மெழுகு என்று எத்தனை தடவை கழுவினார்களோ, அந்த மெழுகு ஓரிடத்திலும் விடவில்லை.

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. கோயில் கட்டைகள் மீதி இரண்டு, பெட்டியோடு எறிந்திருந்த என் கூடையில் இருந்தன. நேராக உள்ளே நடந்தேன். விருந்தாளிகள் விலகி வழிவிட்டார்கள், வேலைக்காரி ஏதோ எடுக்க வருகிறாள் என்று. இரண்டு கட்டைகளையும் ஏற்றி, அடியை உருக்கி, மட்கார்டுக்கு ஒன்றாக ஒட்டி நிறுத்தினேன். கல்லறைத் திருநாளில் எங்கள் செத்தவர்களுக்கு அப்படித்தான் ஏற்றுவோம். முழங்காலிட்டு, என் வீட்டுக்காரரின் கைக்காக மாதாவுக்கு ஒரு அருள்நிறை மந்திரம் சத்தமாகச் சொன்னேன். வேண்டுதலா சாபமா என்று கேட்டால் இரண்டும்தான்.

தவுக்கே கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

"அடி! நேத்து எஞ்சின் அடிச்சுது, இப்ப எது அடிச்சுதுன்னு சொல்லச் சொல்ற?" என்று கத்தினேன். தமிழ் அவருக்குப் புரியாது. என் குரல் புரிந்திருக்கும். கை இறங்கிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அந்த மெழுகுவர்த்திகளை ஊதி அணைக்க அத்தனை கூட்டத்தில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை. தொட்டால் தன்னைப் பிடித்துக்கொள்ளும் என்று எல்லோரும் ஒதுங்கினார்கள். தொப்பிக்காரன் முதலில் ஓடினான். மெழுகு வழிந்து கறுப்புப் பெயிண்டில் இறங்கியது. கடைசியில் எங்கிருந்தோ வாடகைக் கார் பிடித்துவந்துதான் பெண்ணழைக்கப் போனார்கள்.

பெட்டியை டத்தோ கிராமாட்டில் என் அண்ணன் வீட்டில் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். சிரிப்பார், இல்லாவிட்டால் திட்டுவார் என்று பார்த்தேன். கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"மெழுகு பெயிண்ட் மேல வழிஞ்சிருச்சா?"

"வழிஞ்சுது."

"கத்திய வச்சுச் சுரண்டப் போறானுங்க. வெந்நீர்ல துணிய நனைச்சு ஒத்தி எடுக்கணும். போய்ச் சொல்லிட்டு வா புள்ள."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையை ஓங்கியே விட்டேன். அப்போதுதான் மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களைப் பார்த்தேன். நகக்கண்ணில் இன்னும் மெழுகு இருந்தது. ஓங்கிய கையை இறக்கி அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவை என் கையைத் திருப்பிப் பிடிக்கவில்லை.