சத்தம் போன இடம்

இன்று காலை சிட்னியிலிருந்து தங்கை வீடியோவில் வந்தாள். மடியில் அவளுடைய கைக்குழந்தை. குழந்தை வாயைத் திறந்து ஏதோ சொல்கிறது, ஆனால் என் லேப்டாப்பில் சத்தமே வரவில்லை.

வால்யூமை முழுக்க ஏற்றினேன். மியூட்டிலும் இல்லை. மறுபடி கால் போட்டும் பார்த்தாயிற்று. ஸ்பீக்கர் போய்விட்டது என்றே முடிவு செய்தேன்.

அப்போது, பால்கனியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அப்பா கையில் மக்கோடு உள்ளே ஓடி வந்தார்.

"ஏன்டா, குழந்தை சத்தம் கேக்குது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவுக்குக் காது மந்தமாகிப் பல வருஷம். போன வாரம்தான் தி. நகரில் புதுக் காது மெஷின் வாங்கினோம். நேற்று அதை லேப்டாப்போடு ப்ளூடூத்தில் இணைத்துப் பார்த்துவிட்டு, எடுக்க மறந்திருக்கிறேன். சத்தமெல்லாம் நேராக அவர் காதுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஸ்பீக்கருக்கு மாற்றப் போனேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருடா. மூச்சு விடறதுகூட கேக்குது."

பிறகு என்னை நகரச் சொல்லிவிட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"என்னடி செல்லம், தாத்தாவைத் திட்டறியா?"

தங்கை அழுதுகொண்டே சிரித்தாள். அவள் என்ன சொன்னாளோ, அப்பாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இன்னும் பேச்சு முடியவில்லை. அடுத்து இதே லேப்டாப்பில் எனக்கு ஆபீஸ் மீட்டிங். மேனேஜர் பேசுவதையும் அப்பாவே கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா? நீங்களே சொல்லுங்கள்.