போடவா?

இது எனக்கே நடந்தது. "கதை விடாதே" என்று சிரிக்கிறவர்களிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. அந்தச் சமையலறைப் பரணில் ஒரு தடவை குப்புறப் படுத்துவிட்டு வந்து சிரியுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

நான் எலக்ட்ரீஷியன். பேயாவது பிசாசாவது, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஊருக்கு உபதேசம் செய்த ஆள். கரண்டுக்கு மட்டும்தான் பயப்படுவேன்.

கேக் செய்து விற்கிற ஓர் அக்கா, புதிதாகப் பெரிய ஓவன் வாங்கியிருந்தார். அதற்குச் சமையலறையில் ஒரு பவர் பாயிண்ட் வேண்டும். வீடோ அரதப் பழசு. மரப்பட்டை மேல் ஓடும் வயரிங். துணி சுற்றிய வயர், தொட்டால் ரப்பர் பொடியாக உதிர்ந்தது. எர்த் என்பதே இல்லை.

"இந்த லைன்ல ஓவனை மாட்டினா கேக் வேகாதுக்கா, வீடுதான் வேகும்" என்றேன். புது லைன் இழுக்கச் சொல்லிவிட்டு அக்கா வெளியே கிளம்பினார்.

கூட வந்தவன் என் மனைவியின் தம்பி. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் மெயின் பக்கம் நிற்பார், இன்னொருவர் வயரில் கை வைப்பார். மெயினில் நிற்பவர் "போடவா?" என்று கேட்பார். வயரில் இருப்பவர் "போடு" என்று சொன்ன பிறகுதான் லீவரைத் தூக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தையில்தான் எங்கள் உயிர் இருக்கிறது.

மெயின் முன்னறையில் இருந்தது. மச்சான் லீவரை இறக்கினான். நான் ஏணியில் ஏறிப் பரணுக்குள் ஊர்ந்தேன். ஓர் ஆள் நீளம்தான் இருக்கும். தலைமாட்டில் சுவர், கால்மாட்டில் வாசல். புரளக்கூட இடமில்லை. வெளியே நல்ல மழை. ஓடு ஒழுகி, படுத்த இடமெல்லாம் ஈரம்.

பழைய ஜாயிண்டை வெட்டினேன். இரண்டு வெற்று முனைகளும் என் கழுத்துக்குப் பக்கத்தில் தொங்கின.

"போடவா?"

"இரு. இன்னும் முடியல" என்றேன்.

மச்சானுக்கு அவசரம் போல. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டான்.

"போடவா?"

"வேண்டாம்னு சொல்றேன்ல."

சொன்ன பிறகுதான் உறைத்தது. மச்சான் வாயைத் திறந்தாலே "மாமா" என்றுதான் ஆரம்பிப்பான். இந்தக் குரல் மாமா என்று சொல்லவில்லை...

பின்னால் நகரப் பார்த்தேன். கால் ஏணியில் பட்டது. தடார்... ஏணி கீழே விழுந்தது. இடுப்புப் பெல்ட் எங்கோ ஓர் ஆணியில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை.

சட்டைப் பையில் போன் அடித்தது. மச்சான்.

"மாமா, சுவிட்ச் பெட்டி ரெண்டு சைஸ்ல இருக்கு. எது வாங்க?"

"எங்கடா இருக்கே?"

"கடையில. சொல்லிட்டுத்தானே வந்தேன். நீங்ககூட 'சரி'ன்னீங்களே."

நான் எதுவும் சொல்லவே இல்லை.

"வீட்டுல யாருடா இருக்கா?"

"யாருமில்ல. வெளிய பூட்டிட்டு வந்தேன், சாவி என்கிட்ட."

"போடவா?"

அந்தக் குரல் போன் வழியாக மச்சானுக்கும் கேட்டுவிட்டது.

"மாமா... யாரு அது?"

"ஓடி வாடா" என்றேன்.

மழை வலுத்தது. அந்தக் குரலில் கோபம் இல்லை. பொறுமையாக, பணிவாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

"போடவா?"

"வேண்டாம்."

"போடவா?"

"வேண்டாம்பா... வேண்டாம்."

ஒரு தடவை பதில் சொல்லாமல் விட்டால் போட்டுவிடுமோ என்று பயம். நெஞ்சுக்கடியில் தண்ணீர். கழுத்தோரம் வயர். என் மகள் முகம் கண் முன்னால் வந்தது. நான் அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

பூட்டு திறக்கும் சத்தம். ஈரச் செருப்புச் சத்தம்.

"மாமா... ஏணி விழுந்து கிடக்கு. என்ன செய்ய?"

உயிர் போய் உயிர் வந்தது. வாயைத் திறந்தேன்.

"ஏணியைப் போ..."

ஒரு கை என் வாயைப் பொத்தியது.

ஈரமான கை. ஜில்லென்று... சுவர் பக்கமிருந்து வந்தது.

மூச்சு விட முடியவில்லை.

"போடவா?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல விடவில்லை.

மச்சான் தானாகவே ஏணியைத் தூக்கி நிறுத்தினான். ஏறி வந்து பெல்ட்டை விடுவித்தான். என் காலை அவன் பிடித்த பிறகுதான் வாயிலிருந்து அந்தக் கை விலகியது.

முன்னறைக்கு வந்து பார்த்தோம். மெயின் லீவர் பாதி தூக்கிய நிலையில் நின்றது. மச்சான் அதன் பக்கமே போகவில்லை என்று அவன் அக்கா மேல் சத்தியம் செய்கிறான்.

திரும்பி வந்த வீட்டுக்கார அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என் மாமனார் சொல்லியிருக்கார். அப்ப அவர் சின்னப் பையன், அடுப்படியிலதான் நின்னாராம். அந்தக் காலத்துல வயரிங் வேலைக்கு அண்ணன் தம்பி ரெண்டு பேர் வந்தாங்களாம். அண்ணன் பரண்ல, தம்பி மெயின்ல. கரண்ட் அடிச்சு அண்ணன் பரண்லயே போய்ட்டான். தம்பியும் அந்த ஏக்கத்துலயே கொஞ்ச நாள்ல போய்ட்டானாம்."

"அண்ணன் சொல்லாம தம்பி எப்படிக்கா போட்டான்?"

"ஏணி சரிஞ்சு விழுந்திருக்கு. அண்ணன் அதுக்குத்தான் கத்தியிருக்கான். மழைச் சத்தத்துல தம்பி காதுல கடைசி வார்த்தை மட்டும்தான் விழுந்திருக்கு."

கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன்.

"என்னன்னு கத்தினானாம்?"

"'ஏணியைப் போடு'ன்னு."