எதிர்க்கரைக் கயிறு

இது நடந்த விஷயம். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்தத் தபால்காரரின் இடது மணிக்கட்டைச் சுற்றி வளையல் போட்டதுபோல் ஒரு தழும்பு இருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் யாரும் இரண்டாவது தடவை சிரித்ததில்லை.

அன்று மூன்றாவது நாளாக மழை. மத்தியானம் வரவேண்டிய பார்சல் வண்டி, மாலை ஐந்து மணிக்குத்தான் சேற்றில் குளித்துக்கொண்டு வந்து நின்றது. டிரைவர் கீழே இறங்கக்கூட இல்லை. மூட்டையை வெளியே தள்ளினார்.

"பாதி ரோடு வயலுக்குள்ள போயிடுச்சு. தண்ணி வடியற வரைக்கும் என்னை எதிர்பார்க்காதீங்க!"

தபால்காரர் மூட்டையைப் பிரித்தார். மற்றதையெல்லாம் தள்ளிவிட்டு ஒரே ஒரு பார்சலைத் தேடி எடுத்தார். கையடக்கமான அட்டைப்பெட்டி. நகரத்து ஆஸ்பத்திரியின் முத்திரை. அவருடைய தங்கையின் பெயருக்கு வந்திருந்தது.

தங்கை ஓடைக்கு அந்தப் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறாள். சின்ன வயதிலிருந்தே வலிப்பு. மாத்திரை போட்டால் ஒரு தொந்தரவும் இல்லை. இரண்டு நாள் தப்பினால் போதும், நின்ற இடத்திலேயே விழுவாள். போன தடவை எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் விழுந்தாள். இப்போது அவள் கையில் பச்சைக் குழந்தை. கணவனுக்கு வெளியூரில் வேலை. வீட்டில் வேறு ஆள் இல்லை. மாத்திரை முந்தாநாளே தீர்ந்திருக்கும்.

போஸ்ட்மாஸ்டர் அம்மா ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். வானம் என்று ஒன்று இருந்தால்தானே?

"நாளைக்குப் பார்த்துக்கலாமே. போன் வேற செத்துக் கிடக்கு. அந்தப் பக்கம் உங்க ஒட்டகம் வந்திருப்பாருன்னு என்ன நிச்சயம்?"

"இந்த மழைக்கெல்லாம் அவன் வராம இருந்தா, மழைக்குத்தான் மேடம் அவமானம்."

"வாய் மட்டும் குறைச்சல் இல்ல. போயிட்டுச் சீக்கிரம் வாங்க."

ஒட்டகம் என்பது எதிர்க்கரைத் தபால்காரரின் பட்டப்பெயர். ஆறடியைத் தாண்டிய ஆள். எந்த வீட்டு வாசலிலும் குனிந்துதான் நிற்பார்.

மழைக்காலத்தில் ஓடையின் தரைப்பாலம் மூழ்கிவிடும். அதற்காக இரண்டு கரையிலும் கம்பம் நட்டு, குறுக்கே ஓர் இரும்புக் கம்பி கட்டியிருந்தார்கள். கம்பியில் வளையம். வளையத்தில் தபால் பை. பையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கயிறு. இங்கே இருப்பவர் இழுத்தால் பை இங்கே வரும். அங்கே இருப்பவர் இழுத்தால் அங்கே போகும். தானாக எங்கேயும் போகாது.

வெள்ளச் சத்தத்தில் பேச்சு எடுபடாது. அதனால் பேச்சும் கயிற்றில்தான். இரண்டு சுண்டு சுண்டினால், தயார். மூன்று சுண்டினால், கிடைத்துவிட்டது. இத்தனை வருஷப் பழக்கத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியதைவிடக் கயிற்றில் பேசியதுதான் அதிகம்.

தபால்காரர் ஓடைக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்து நாற்பது. மேட்டிலேயே மணியை அடித்து, சைக்கிளைச் சாய்த்துவிட்டு இறங்கினார். பாலம் இருந்த அடையாளமே இல்லை. செந்நிறத் தண்ணீர் மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு போனது. பாதி ஓடைக்கு மேல் எதுவும் தெரியவில்லை. வெறும் மழைத் திரை.

கம்பியைத் தட்டிப் பார்த்தார். விறைப்பாக இருந்தது. ங்ங்ங்... என்று அதிர்ந்தது.

ஆனால் விசில் வரவில்லை.

இவர் சைக்கிள் மணியை அடித்ததுமே எதிர்க்கரையிலிருந்து காதைக் கிழிக்கும் விசில் வரும். அதுதான் ஒட்டகத்தின் வணக்கம். 'மழையில் நனைந்து மூச்சு வாங்குகிறான் போல' என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

பார்சலைப் பைக்குள் வைத்தார். பையின் வாயைச் சணல் கயிற்றால் தன் வழக்கப்படி இறுக்கி முடிச்சுப் போட்டார். இரண்டு சுண்டு சுண்டினார்.

பதில் இல்லை.

மறுபடியும் இரண்டு.

ரொம்ப நேரம் கழித்து... ஒரு சுண்டு. அப்புறம் இன்னொன்று. ஒட்டகத்தின் சுண்டு முதுகில் அறைவதுபோல் படக், படக்கென்று இருக்கும். இது அப்படி இல்லை. இருட்டில் யாரோ எதையோ தடவிப் பார்ப்பதுபோல் இருந்தது.

கிரீச்... கிரீச்... வளையம் கம்பியில் உரசியபடி நகர்ந்தது. பை மழைத் திரைக்குள் போய் மறைந்தது.

கொஞ்ச நேரத்தில் மூன்று சுண்டு.

"அப்பாடா!" என்றார் வாய்விட்டு.

அந்தப் பக்கத்துத் தபாலை எடுக்கப் பையைத் திரும்ப இழுத்தார். விரல்கள் மரத்துப்போய்க் கயிறு வழுக்கியது. அதனால் இந்த வேலையில் யாரும் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தார். கயிற்றை இடது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

பை வந்தது. எடையே இல்லை.

வாயில் அவர் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. யாரும் அவிழ்க்கவில்லை. அவரே அவிழ்த்து உள்ளே கையை விட்டார்.

பார்சல் இல்லை.

பையின் உள்பக்கம் காய்ந்திருந்தது. கொட்டுகிற மழையில் இரண்டு தடவை ஓடையைத் தாண்டிய பை... வெயிலில் போட்டு எடுத்ததுபோல்.

அப்போது கயிறு அசைந்தது.

ஒரே ஒரு சுண்டு.

ஒரு சுண்டுக்கு அவர்கள் பாஷையில் அர்த்தம் கிடையாது.

"டேய் ஒட்டகம்! விளையாடுற நேரமாடா இது?"

பை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. பின்னாலேயே கயிறு. பின்னாலேயே அவர் கை. மணிக்கட்டில் சுற்று இறுகியது. தோல் கிழிந்தது. வலது கையால் கம்பத்தைக் கட்டிப்பிடித்தார்.

வெள்ளம் இழுத்தால் ஒரே சீராக இழுக்கும். இது இழுத்தது... நின்றது... மூச்சு வாங்கியது. மறுபடி இழுத்தது.

கத்தி சைக்கிள் பையில் இருந்தது. சைக்கிள் மேட்டில் இருந்தது.

"விடுடா! விட்டுடு!"

கம்பம் கையிலிருந்து நழுவியது.

முழங்கால் வரை தண்ணீர்.

இடுப்பு வரை.

கத்தினார். கேட்க யார் இருக்கிறார்கள்?

இழுத்தது...

நின்றது...

இழுத்தது...

மார்பு வரை.

சட்டென்று கயிறு தளர்ந்தது.

அறுந்துபோகவில்லை. யாரோ கையைப் பிரித்து விட்டதுபோல், அப்படியே தொங்கிப்போனது. தபால்காரர் நாலு காலில் தவழ்ந்து கரையேறினார். கடிகாரம் ஆறு ஐந்தில் நின்றிருந்தது.

தண்ணீர் வடிய இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் அவர் கரைக்கும் ஆபீசுக்குமாக அலைந்தார். எதிர்க்கரை தூறல் மூட்டத்துக்குள்ளேயே மறைந்து கிடந்தது. தங்கைக்கு மாத்திரை போனதா, இல்லையா? குழந்தையோடு எங்கே விழுந்து கிடக்கிறாளோ? யாரைக் கேட்பது? தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர அவரால் ஆனது ஒன்றுமில்லை.

பாலம் தலைகாட்டியதும் முதல் ஆளாக அவர்தான் தாண்டினார். எதிர்க்கரையில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

கம்பத்தைக் காணோம். கம்பம் நின்ற கரையையே காணோம்.

அங்கே மண் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த ஒருவர் சொன்னார். "உங்களுக்குச் சேதி வரலையா? அன்னைக்கு விடியக்காலையிலேயே கரை சரிஞ்சுடுச்சுங்க. கம்பம் சாயுதேன்னு முட்டுக்கொடுக்கப் போன எங்க தபால்காரர் அதோட போயிட்டார். மத்தியானமே உடம்பு கிடைச்சுடுச்சு."

"அன்னைக்குன்னா... பார்சல் வண்டி வந்த அன்னைக்கா?"

"அதே நாள்தான்."

தபால்காரர் ஓடினார். தோட்டத்து வீட்டு வாசலில் தங்கை குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

"மாத்திரை..."

"அன்னைக்குச் சாயங்காலமே வந்துடுச்சே அண்ணா. ஆறு மணி இருக்கும். எப்பவும் வர்ற உங்க ஒட்டகம்தான் வந்தார். குனிஞ்சு நின்னு நீட்டினார். அவ்வளவு மழையில அவர் மேல ஒரு பொட்டு ஈரம் இல்ல."

"ஏதாவது சொன்னானா?"

தங்கை குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"சொன்னார். எனக்குத்தான் ஒண்ணும் புரியல. நான் இங்கேருந்து உனக்கு எப்படிச் சொல்றது? 'உங்க அண்ணனை உடனே கயித்தை விடச் சொல்லும்மா'ன்னார்."

"அப்புறம்?"

"'இப்ப இழுக்கிறது நான் இல்ல'ன்னார்."