என் சீனத்து மோட்டார் சைக்கிளும் சகலனும்

பாலெர்மோவில் நான் வேலை செய்யும் வீட்டின் எசமானி, சின்யோராவுக்கு, நகரத்துக்கு வெளியே, மலைச்சரிவில், ஒலிவ மரங்களோடு ஒரு பழைய வீடு இருக்கிறது. கிழமைக்கு ஒருமுறை போய் ஜன்னல்களைத் திறந்து, மரங்களுக்குத் தண்ணீர் விட்டு வருவது என் பொறுப்பு. பஸ் தார் ரோட்டோடு நின்றுவிடும். அதற்கப்பால் கல்லும் புழுதியுமான ஏற்றம். ஸ்கூட்டரில் போய் அதன் அடிவயிறு கல்லில் அடிபட்டு எண்ணெய் ஒழுகிய பிறகுதான், தார் ரோட்டிலும் மண்பாதையிலும் ஓடக்கூடிய உயரமான மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். சீனாவில் செய்தது. என் கைக்கு எட்டியது அதுதான்.

முதல் வருஷம் நாங்கள் இருவரும் ஒத்துப்போனோம். குறைகள் இருந்தன. நட்டுகள் தானாகக் கழலும். இருக்கை பலகை போல. வேகம் கூடினால் கண்ணாடிகள் நடுங்கும். பின்னால் வருவது காரா லொறியா என்று தெரியாது. பெட்ரோல் முடிந்துவிட்டது என்று முள் சொன்ன பிறகும் நிதானமாக வீடு வந்து சேரலாம். கடற்காற்றில் சைலன்சர் துருப்பிடித்தது. ஆனால் எஞ்சின் ஒருநாளும் கைவிடவில்லை. பிரான்காச்சோவில் எனக்குத் தெரிந்த மெக்கானிக், பாலெர்மோக்காரர், முதல் நாள் "சீனமா?" என்று உதட்டைப் பிதுக்கினார். வருஷ முடிவில் எண்ணெய் மாற்றியபோது எஞ்சினுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோய்க் கேட்டுவிட்டு, "இது உன்னைவிட ஆரோக்கியமாக இருக்கிறது" என்றார். அதை வீட்டில் பல தடவை சொல்லிக் காட்டினேன்.

பிறகு சகலன் ஒன்று வாங்கினான். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். மொண்டெல்லோவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. என்னைவிட நன்றாக இளையவன். அவன் வாங்கியதும் அதே வகைதான். ஆனால் ஜப்பான்.

என் மகனின் பிறந்தநாளன்று, கபோ சந்தைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு இருக்கும் ஒழுங்கைக்குள் அதை ஓட்டிக்கொண்டு வந்தான். சந்தை கழுவிய ஈரக் கற்களில் அது பூனை மாதிரி வந்து நின்றது. நல்ல சிவப்பு. கேக் வெட்டும் நேரத்தில் வீட்டுக்குள் ஒருவரும் இல்லை, எல்லோரும் கீழே. பக்கத்தில் நின்ற என்னுடையதன் மேல் யாரோ ஜாக்கெட்டைக் கழற்றிப் போட்டிருந்தார்கள்.

"அப்பா, சித்தப்பான்ர பெல்லிஸ்ஸிமா!" என்று கத்தினான் மகன்.

மனைவி என் பக்கம் திரும்பி, "இஞ்சேருங்கோ, நல்ல வடிவா இருக்கு என்ன?" என்றாள்.

"ஓம்" என்றேன்.

அடுத்த நாளிலிருந்து என் மோட்டார் சைக்கிளின் சத்தம் எனக்குத் தகரப்பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குவது போலக் கேட்கத் தொடங்கியது. வேலைக்குப் போகும் வழியெல்லாம் அதன் குறைகளையே எண்ணிக்கொண்டு போனேன். ஓய்வு நேரத்தில் போனில் அந்த ஜப்பான் மொடலின் குறைகளைத் தேடிப் படித்தேன். எங்கோ ஒருவனுக்கு அதில் எண்ணெய் கசிந்ததாம். அதைப் படித்த சந்தோஷம் கொஞ்ச நாள் தாங்கியது. சகலனுடையதில் ஒன்றும் கசியவில்லை. மழை பெய்தால், அது வெளியில் நனையுமே என்று மனம் குளிரும். என்னுடையதும் வெளியில்தான் நின்றது.

அப்போதுதான் சின்யோராவின் மலை வீட்டில் தண்ணீர்ப் பம்ப் பழுதானது. கழற்றிப் பூட்ட இரண்டு பேர் வேண்டும். சகலனைக் கூப்பிட்டேன். கூப்பிட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்தக் கல் ஏற்றத்தில் அவன் வியர்த்து விறுவிறுப்பதைப் பார்க்க வேண்டும். அந்தச் சிவப்பில் ஒரு கீறல் விழுந்தாலும் நல்லது.

தார் ரோடு முடியும் இடத்தில் அவன் நிறுத்தினான்.

"அண்ணை, உங்கடயை ஒருக்கா ஓடிப் பாக்கட்டோ?"

"ஏன், உம்மட நல்லாத்தானே ஓடுது?"

"அதைத்தானே ஒவ்வொரு நாளும் ஓடுறன். ஒரு ஆசைக்கு."

திறப்பைக் கொடுத்தேன். அவன் ஏறவில்லை. குந்தியிருந்து முன் டயரை அமத்திப் பார்த்தான். "காத்துக் கூடிப்போச்சு, அண்ணை. கல்லில துள்ளும்" என்று சொல்லிக் கொஞ்சம் காற்றைத் திறந்துவிட்டான். பிறகு ஏறி, கால்மிதியில் எழுந்து நின்றபடியே ஏற்றத்தில் போனான். இத்தனை நாளாகச் சீனத்துச் சாமான் என்று நான் திட்டிய அந்த முன்சில்லு, அவனுக்குக் கீழே கல்லுக்குக் கல் அமைதியாக ஏறிப் போனது.

நான் ஜப்பானில் பின்னால் போனேன். மெத்தையான இருக்கை, கைக்கு அடக்கமான பிடி. இரண்டாவது வளைவில் சரளையில் முன் பிரேக்கைப் பிடித்துவிட்டேன். அது என்னையும் கொண்டு சரிந்தது.

அவன் மேலிருந்து ஓடி வந்தான். மோட்டார் சைக்கிளைப் பார்க்கவேயில்லை. "கால் நோகுதோ? எழும்பாதேங்கோ, பொறுங்கோ" என்று என்னைத்தான் முதலில் தூக்கினான். சிவப்பில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். நான் ஆசைப்பட்ட கீறல்.

"அது கிடக்கட்டும் அண்ணை. மண்ணில ஓடுறதுக்குத்தானே வாங்கினது."

பம்ப்பைக் கழற்றும்போது, "எங்க பழகினனீர் இப்பிடி ஓட?" என்று கேட்டேன்.

"முல்லைத்தீவில மீன் பெட்டி கட்டி ஓடினனான். ரோட்டெண்டு ஒண்டும் இல்லை. எழும்பி நிண்டு ஓடாட்டி மீன் முழுக்க நிலத்தில" என்று சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணை, மாத்துவமோ? பகிடி இல்லை. இஞ்சை வந்து போறதுக்கு உங்கட நல்ல சாமான். பாரமில்லை" என்றான்.

"வேண்டாம் தம்பி" என்றேன். யோசிக்காமலே வாயில் வந்தது.

ஸ்பானரைத் துடைத்தபடி ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்தேன். நேற்றுவரை அவனுடையது கிடைத்தால் போதும் என்றிருந்தவன் நான். அதை நான் வைத்திருந்து, ஒழுங்கைக்குள் எல்லோரும் பார்க்கத் தடுமாறினால், குற்றம் சொல்ல எனக்குச் சீனா இருக்காது.

வீட்டில் மனைவி என் சட்டைப் புழுதியைப் பார்த்தாள்.

"விழுந்தனீங்களோ?"

"ஓம்."

"நான் சொன்னனான், உங்கட அந்தச் சைக்கிள்..."

"தம்பியின்ரயில விழுந்தனான்" என்றேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு காலில் உரசிய இடத்தில் மஞ்சள் தடவினாள்.

இப்போது அவனைக் காணும்போது எனக்கு அந்தச் சிவப்பு கண்ணில் படுவதில்லை. கால்மிதியில் எழுந்து நின்று போன அந்த முதுகுதான் தெரிகிறது. அது இன்னும் மோசம். அந்த ஓட்டத்தை எந்தக் கடையிலும் விற்கமாட்டார்கள். மலை வீட்டுக்குப் போகிற நாட்களில் தார் முடிந்ததும் காற்றை இறக்கிவிட்டு, எழுந்து நின்று ஓட்டிப் பழகுகிறேன். அவனிடம் சொல்லவில்லை. போன கிழமை இரண்டாவது வளைவை உட்காராமலே கடந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தேன். பாதையில் ஒருவரும் இல்லை.