இரண்டு வேடம் போட்ட ஹேமலதா

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு ஹுமேரா போன் செய்தாள். மேல்விஷாரத்துத் தோல் தொழிற்சாலையில் என் அக்கா ஹேமலதாவோடு வேலை செய்கிறவள். "தேவகி, அக்கா விழுந்துடுச்சி. நடிக்குதுன்னு நெனச்சிட்டோம்டி" என்றாள்.

அந்த வார்த்தை புரிய வேண்டுமென்றால் அக்கா நடித்த படத்தைச் சொல்ல வேண்டும்.

ஆறு நிமிடப் படம். பேச்சு கிடையாது. தோல் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தாக வேண்டும் என்றது. பாதிப் பேர் ஒடிசா, பீகார்க்காரர்கள். எந்த மொழியில் சொல்வது? ஊமைப்படமாகவே எடுத்துவிட்டார்கள். அக்கா பத்தாவதோடு நின்று, பதினெட்டு வயதில் அந்தத் தொழிற்சாலை கேட்டுக்குள் போனவள். சாப்பாட்டு நேரத்தில் சூப்பர்வைசர் மாதிரி நடந்து காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பாள். அதனால் அவளையே பிடித்தார்கள். இரட்டை வேடம். முகமூடி இல்லாமல் கெமிக்கல் அறைக்குள் போய்ச் சுருண்டு விழும் மக்கு ஒருத்தி. முகமூடி போட்டுப் பிழைக்கும் கெட்டிக்காரி ஒருத்தி.

"விழுறத மட்டும் அஞ்சு வாட்டி எடுத்தாங்கடி. முட்டி பேர்ந்துபோச்சு. ஆனா இன்னா கைத்தட்டல் தெரியுமா!" என்றாள் வீட்டுக்கு வந்து.

அந்த முகமூடி ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அவள் முகத்தில் இருந்தது. படம் எடுத்து முடித்ததும் துடைத்து வாங்கி, பாதுகாப்பு ஆடிட்டுக்கு வருகிறவர்களுக்குக் காட்டும் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். கெமிக்கல் அறைக்குப் போகிறவர்கள் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டார்கள். அக்கா போய் முகமூடியைக் கேட்டாள். "இன்னா ஹீரோயின், மேக்கப் இன்னும் கலையலையா?" என்றான் மேனேஜர்.

புது ஆள் சேரும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் படம் ஓடியது. அவள் விழும் இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். போகப்போக, அவளைக் கண்டாலே பையன்கள் விழுந்து காட்டச் சொல்லிச் சைகை செய்தார்கள். அவளும் விழுந்து காட்டுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கெமிக்கல் அறையில் சல்பைடு மூட்டைகளின் மேல் ஆசிட் கசிந்திருந்தது; இரண்டும் சேர்ந்தால் விஷவாயு. துடைக்க அவளை அனுப்பினார்கள். வாசல்வரை திரும்பி வந்து, தொண்டையைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். பையன்கள் கைதட்டினார்கள். ஹுமேராவும் சிரித்திருக்கிறாள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை.

ஆஸ்பத்திரிக்கு மேனேஜர் வந்தான். முப்பத்தொரு வயதுக்காரியின் உடல் உள்ளே கிடக்கிறது. இவன் என்னிடம் போனை நீட்டி அந்தப் படத்தைக் காட்டுகிறான். கெட்டிக்காரி வரும் பாதியை மட்டும். "பாருங்கம்மா, மாஸ்க் போடணும்னு எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தவங்க. அவங்களே போடாம போனா நாங்க இன்னா பண்றது?"

தொழிற்சாலையின் அறிக்கையிலும் அதைத்தான் எழுதியிருக்கிறார்கள்: தொழிலாளியின் கவனக்குறைவு. அடுத்த திங்கட்கிழமையும் படத்தைப் போட்டிருக்கிறார்கள். பூட்டிய அலமாரியைப் பற்றி விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் சொன்னேன். "முகமூடி கேட்டாங்கன்றதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா?" என்றார்.

இருந்திருக்கும். அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்கே எழுதிப் போடலாம் என்று ஜனவரியில் அக்கா சொன்னாள். நான் எம்.ஏ. ஆங்கிலம் படித்தவள், திமிரி பள்ளிக்கூடத்தில் டீச்சர். "அக்காவுக்கு ஒரு இங்கிலீஷ் லெட்டர் எழுத உனக்கு அவ்ளோ பேஜாரா?" என்று மூன்று முறை கேட்டாள். விடைத்தாள் திருத்த வேண்டும் என்றேன். கடிதம் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. தேதியும் கம்பெனியின் முகவரியும் அடித்திருக்கிறேன். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.